லிட்டருக்கு இருபத்திரண்டு

துளசிங்கத்துக்குக் கடவுள் பக்தி கிடையாது, மைலேஜ் பக்தி உண்டு. ஏரிக்கரையில் யாரைப் பார்த்தாலும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்குது தெரியுமா" என்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

முன்பு அவனிடம் இருந்தது அம்பாசடர். கடல் தொழிலை விட்டுவிட்டு வாங்கியது. தோணிரேவிலிருந்து மீன்காரப் பெண்களைக் கூடையோடு ஏற்றி அனுப்பம்பட்டு ரயிலடியில் கொண்டுபோய் விடுவான். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள், அதனால் அவன் வண்டிதான் கதி. கூடையிலிருந்து உப்பும் ஐஸ் தண்ணீருமாக வடிந்து காலடியில் தேங்கும். கரையேற்றிய போட்டில் தண்ணீர் வடிவதற்கு அடியில் ஓர் ஓட்டை இருக்குமே, அதைப் பார்த்து வளர்ந்தவன் இவன். டிரில்லை வைத்து வண்டித் தரையிலும் ஓட்டை போட்டான். அம்பாசடர் தகரம் தடிமன். வருஷக்கணக்கில் உப்பைத் தின்றும் அசையவில்லை. ஆனால் அந்தக் கனத்தை இழுக்க டீசலை மடக்மடக்கென்று குடித்தது. லிட்டருக்குப் பத்தைத் தாண்டியதே இல்லை.

அதைத் தலைமுழுகிவிட்டு, யாரோ ஓட்டிய சின்னக் கார் ஒன்றை வாங்கினான். இந்தக் காலத்து வண்டியில் தகரம் மெல்லிசு, எடை குறைவு, அதனால்தான் எண்ணெய் மிச்சம் என்று ஊருக்கே பாடம் நடத்தினான். நடத்திய கையோடு அந்த மெல்லிசுத் தகரத்திலும் டிரில்லை வைத்து ஓட்டை போட்டான். புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

முன் சீட்டு எப்போதும் அவன் மனைவி பச்சையம்மாவுக்கு. அவளும் மீன் விற்கிறவள்தான். அவள்தான் முதலில் சொன்னாள்.

"யோவ், கீழ மெத்துமெத்துன்னு இருக்குதுய்யா. காலு வைக்கவே பயமா கீது."

மெக்கானிக் இனாயத்துல்லா முன் சீட்டுக்குக் கீழே விரித்திருந்த மிதியடியைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார். அது அந்தப் பக்கம் போய்விட்டது.

"இது தகரம் இல்லப்பா, அப்பளம். வண்டிய வுட்டுட்டுப் போ, கெட்டியா தகடு வச்சி வெல்டு அடிச்சித் தர்றேன்."

"தகடு வச்சா வெயிட்டு ஏறிடும் பாய். மைலேஜு அடி வாங்கும்."

"உன் பொண்டாட்டி ஒக்கார்ற எடம்பா இது."

துளசிங்கம் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனான். வீட்டில் கிடந்த பிளைவுட் துண்டை மிதியடிக்கு அடியில் சொருகினான். அது இரும்பைவிட லேசு.

அந்தப் பலகை மழைக்காலம் வரைக்கும் தாங்கியது. ஒருநாள் காட்டூர் தாண்டி, வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினான். ஊறிப்போன பலகையும் துருப்பிடித்த தகரமும் ஒன்றாகப் பெயர்ந்தன. பச்சையம்மாவின் வலது கால் ஓட்டைக்குள் போய் ரோட்டில் இழுபட்டது. அவள் போட்ட கூச்சலில் பிரேக் அடித்தான். அதற்குள் பாதம் சதைக்கூழ். ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். துளசிங்கத்தின் கால் இரண்டும் பத்திரமாகத்தான் இருந்தன.

பிறகு அவனே இனாயத்துல்லாவிடம் போய்த் தகடு வைத்துக்கொண்டு வந்தான். ஆனாலும் பெண்கள் ஏறவில்லை. கூடையை ஏற்ற மறுத்த ஷேர் ஆட்டோக்காரனைக் கெஞ்சினார்களே தவிர இந்த வண்டிப் பக்கம் திரும்பவில்லை. பிழைப்பு போய்விடுமே என்று துளசிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தான். புண் ஆறியும் ஆறாமலும் கிடந்தவளைத் தூக்கிவந்து அதே முன் சீட்டில் உட்காரவைத்தான்.

"பாருங்கம்மா, எம் பொண்டாட்டியே ஒக்காந்துகினு வர்றா. இனிமே இன்னா பயம்?"

அவளைப் பார்த்துவிட்டுப் பெண்கள் கூடைகளோடு ஏறினார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை.

போகும்போது துளசிங்கம் அலுத்துக்கொண்டான்.

"அந்தத் தகடு வச்சதுல பத்தொன்பதுக்கு எறங்கிடுச்சிம்மே."

பச்சையம்மா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னொரு காலையும் எடுத்துட்டா இருபது வருமாய்யா?"

பின்சீட்டில் இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். துளசிங்கமும் சிரித்தான். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.