சிரிக்கும் படங்கள் மட்டும்

பகல் நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குப் போட்டோ அத்தை என்று பெயர். இரண்டு சொல் சேர்த்துப் பேச வராத குழந்தைகூட அவள் கழுத்தில் தொங்கும் கேமராவைக் கைகாட்டி, "தோ, தோ" என்னும்.

கேமரா அவளுடைய தம்பி வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளி நிறப் பெட்டி. நல்ல போன் ஒன்று கைக்கு வந்ததும் அவன் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டான். பேட்டரி மூடி நிற்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு ஒரு ரப்பர் பேண்டை மாட்டி எடுத்துக்கொண்டாள்.

"இத வச்சு என்னக்கா பண்ணப் போற? எல்லாம்தான் போன்லயே வந்துடுச்சே."

"போன்ல எடுத்தா எடுத்த மாதிரியே இல்லடா. இதுல பட்டனை அமுக்குனா டிக்குன்னு ஒரு சத்தம் வருது பாரு. அது எனக்குப் புடிச்சிருக்கு."

"சத்தத்துக்கா? அப்ப ஒரு விசில் வாங்கிக்கோ, பேட்டரியே வேணாம்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் எடுத்தபடியே இருந்தாள். ஸ்கூட்டர் சீட்டில் சுருண்டு தூங்கும் பூனை, மழை விட்ட பிறகு கொடிக்கம்பியில் வரிசையாக நிற்கும் நீர்த்துளிகள், விளிம்பு உடைந்த தன் காபி டம்ளர். யாரிடமும் காட்டமாட்டாள். படுக்கையில் நோயோடு கிடந்த அப்பாவைக் கவனித்துக்கொண்டிருந்த வருடங்களில் அவளுக்குக் கல்யாண வயது சத்தமில்லாமல் கடந்து போயிருந்தது. அதைப் பற்றியும் அவள் யாரிடமும் பேசியதில்லை.

கேமரா காப்பகத்துக்கு வந்தது தற்செயலாகத்தான். ஆயாக்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தேய்க்கிறார்கள் என்று கோபப்பட்ட, காப்பகத்தை நடத்தும் மேடம், எல்லாப் போன்களையும் காலையில் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். அதே சமயம் அம்மாக்களுக்கோ மதியத்துக்குள் ஒரு படமாவது வந்துவிட வேண்டும். "உன்கிட்ட அந்தக் குட்டிக் கேமரா இருக்குல்ல, அதைக் கொண்டுவா" என்றாள் மேடம்.

"பார்த்தியா, ஆயா வேலையில சேர்ந்து போட்டோகிராபரா புரமோஷன் வாங்கிட்டா" என்று சமையல்கார அக்கா கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னாள். "என்னையும் ஒண்ணு எடு. நான் எப்பவாச்சும் காணாமப் போனா பேப்பர்ல போட உதவும்."

முதல் வாரமே ஒரு தவறு நடந்தது. கன்னமெல்லாம் நீராக ஒரு பையன் அழுதுகொண்டிருந்த படமும் மற்றவற்றோடு போய்விட்டது. அவன் அம்மா பாதி வேலையில் எழுந்து, ஆட்டோ பிடித்து, வாசலில் வந்து நின்று, அவனைவிடச் சத்தமாக அழுதாள். அன்று மாலை மேடம் ஒரே வரியில் சட்டம் போட்டாள். "அழுற படம் ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

அதன் பிறகு போட்டோ அத்தைக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் எடுப்பாள். குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கியதும் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். கார்டைக் கழற்றுவதற்கு முன்னால் கேமராவிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். பிதுங்கிய உதடு, ஒழுகும் மூக்கு, கண்ணோரத்தில் துளி நீர் எல்லாம் குப்பைத்தொட்டிப் பொத்தானுக்குப் போகும். மிச்சம் அம்மாக்களுக்குப் போகும். மாலையில் பையும் தண்ணீர் பாட்டிலுமாக அவர்கள் வரும்போது அவள் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் அழுகையை நிறுத்திட்டா மா."

தக்காளி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பெயரை வைத்தவள் சமையல்கார அக்கா. நடை பழகி முடித்த வயது, அழத் தொடங்கினால் நெற்றி முதல் கழுத்து வரை சிவந்துவிடும். அவள் அம்மா, போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எப்போதும் ஓட்டமாக வருவாள், ஓட்டமாகப் போவாள்.

தக்காளியைச் சிரிக்க வைக்க எந்தப் பொம்மையாலும் முடியவில்லை. கேமராவால் முடிந்தது. பொத்தானை அழுத்தியதும் கிர்ரென்று லென்ஸ் மூக்கு மாதிரி வெளியே நீளுமே, அதைக் கண்டால் அழுகை அப்படியே நிற்கும். முகம் மலர்ந்து, முன்பற்களின் நடுவே இருக்கும் சந்து தெரியச் சிரிக்கும். டிக். லென்ஸ் உள்ளே போனதும் சிரிப்பும் போய்விடும். அதற்குள் அன்றைய படம் கிடைத்துவிடும்.

"என்கிட்ட மட்டும்தான் அழுவா போல" என்று ஒரு மாலை அந்த அம்மா சொன்னாள். "இங்க வந்துட்டா என்னை நினைக்கிறதே இல்ல."

பாராட்டு என்று நினைத்துப் போட்டோ அத்தை சிரித்தாள்.

பிறகு ஒரு நாள் தக்காளி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அடுத்து ஆஸ்பத்திரி என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் மேடம் எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தக்காளி இனி வரமாட்டாள் என்று சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

அந்த அம்மா மறுபடி வந்தபோது குழந்தைகள் மதியத் தூக்கத்தில் இருந்தன. இந்தத் தடவை ஓட்டம் இல்லை. போட்டோ அத்தை முன்பே ஸ்டுடியோவில் தக்காளியின் படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டு, ஒரு சின்ன ஆல்பமாக்கி வைத்திருந்தாள். அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

வராந்தாவில் உட்கார்ந்து அந்த அம்மா பக்கங்களைத் திருப்பினாள். கடைசிப் பக்கம் வரை போனாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு மூடி வைத்தாள்.

"அழுற படம் ஒண்ணுகூட இல்லையாக்கா?"

"அதெல்லாம் அழிச்சிடுவேன் மா."

"எல்லாத்தையுமா?"

"அன்னன்னிக்கே."

ஆனாலும் போட்டோ அத்தை கேமராவின் திரையில் தேடினாள். அம்புக்குறியை அழுத்த அழுத்தப் பூனை வந்தது, டம்ளர் வந்தது, கொடிக்கம்பி வந்தது, யார் யாருடைய குழந்தைகளோ வந்தன.

"வீட்டுல அவ இப்படிச் சிரிச்சதே இல்லக்கா" என்றாள் அந்த அம்மா. "நான் செருப்பை மாட்டுறப்ப கீழுதடு மெல்ல வெளிய வரும். அதுக்கப்புறம்தான் சத்தமே வரும். எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி அதுதான். ஆனா இப்பக் கண்ணை மூடினா அது வரமாட்டேங்குது. நீங்க தினமும் அனுப்பின இந்தச் சிரிச்ச மூஞ்சிதான் வருது. யார் வீட்டுப் புள்ளையோ மாதிரி இருக்கு."

போட்டோ அத்தை கேமராவின் திரையை அணைத்தாள்.

"கடைசியா விட்டுட்டுப் போன அன்னிக்கு நான் திரும்பிக்கூடப் பாக்கல. லேட்டாயிடுச்சு. போனதும் நிறுத்திட்டான்னு சாயங்காலம் சொன்னீங்க. உண்மையாக்கா?"

எத்தனையோ மாலைகளில் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப்போன பதில். "ஆமாம் மா, உடனே நிறுத்திட்டா. நல்லா விளையாடுனா." நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். "சரி" என்றாள். ஆல்பத்தின் அட்டையைத் தடவினாள். "அப்ப என்னைத் தேடல."

போட்டோ அத்தை கேமராவின் ரப்பர் பேண்டை இழுத்தாள், விட்டாள். உள்ளே மேடம் யாரோடோ போனில் பேசும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னது பொய் மா."

அந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ரொம்ப நேரம் அழுவா. தினமும்தான். அன்னிக்கும் அழுதா. நீங்க போன வாசலைப் பாத்துக்கிட்டு, இந்த மரத்தடுப்பைப் புடிச்சிக்கிட்டே நிப்பா. தூக்கினா திமிறுவா, இறங்கி மறுபடி இங்கதான் வருவா. தொண்டை கட்டிப்போனா கட்டையைக் கடிச்சிக்கிட்டு நிப்பா. கேமராவைத் தொறந்தா ஒரு நிமிஷம் சிரிப்பா. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். மூடினா மறுபடி வாசல்தான்."

சொல்லி முடித்துவிட்டு அவள் அடி விழக் காத்திருப்பவள் போல நின்றாள். அந்த அம்மா அடிக்கவில்லை. திட்டவுமில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தாள். அழுகை அடங்கியபோது கேட்டது ஒன்றுதான்.

"எந்த இடத்துல?"

அறை வாசலில் குழந்தைகள் வெளியே வராதபடி முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு உண்டு. நீல பெயின்ட் அடித்தது. இருவரும் அதன் முன்னால் மண்டியிட்டார்கள். மேல்கட்டையில் பெயின்ட் உரிந்து, சின்னச் சின்னப் பள்ளங்களாக இருந்தது.

"இது வேற பையனோடது, அவன் எதையும் விடமாட்டான்" என்று போட்டோ அத்தை விரலால் ஒதுக்கினாள். "இந்த ரெண்டும் அவளோடது. தோ, இதுவும். பல்லுக்கு நடுவுல சந்து இருக்கும்ல, பாருங்க."

"ஆமாம்" என்றாள் அந்த அம்மா. "இருக்கும்."

அந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே இருந்த மேட்டில் அவள் சுண்டுவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. உள்ளே ஒரு குழந்தை தூக்கத்தில் புரண்டு படுத்தது.

"இதை எடுத்துக் குடுங்கக்கா."

போட்டோ அத்தை கேமராவைத் திறந்தாள். கிர்ரென்ற அந்தச் சத்தத்தில் இரண்டு பேருமே ஒரு கணம் திடுக்கிட்டார்கள். முதல் படத்தில் பிளாஷ் அடித்து எல்லாம் வெளுத்துப்போயிற்று, பள்ளமே தெரியவில்லை. பிளாஷை நிறுத்தினாள். திரைச்சீலையை ஒதுக்கி வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செய்தாள். கிட்டத்தில் எடுக்கும்போது வைக்கும் பூ அடையாளத்துக்கு மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

இந்தத் தடவை நிழலோடு தெளிவாக விழுந்திருந்தது.

அந்த அம்மா கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கும் பொத்தானை அவளே கண்டுபிடித்து அழுத்தினாள். பள்ளம் திரை முழுவதும் நிறைந்தது. மறுபடி அழுத்தினாள். நீலமும் மரநிறமும் கட்டம் கட்டமாக உடைந்தன. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசாகாதாக்கா?"

"இவ்வளவுதான் மா ஆகும்."