கிருமியைப் பார்த்தவர்களை எண்ணிய கதை

நூலகர் என்றால் நாட்டில் பாதிப் பேர், நாள் முழுக்க ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நாவல் படிக்கிறவர் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் போடுகிறவர் என்று நினைக்கிறார்கள். ஆரணி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இந்த இரண்டு பெயரையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்த நான், நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேரமாக நூலகவியல் பிஎச்.டி.யில் சேர்ந்தேன். சேர்ந்து பார்த்த புண்ணியவான்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நுண்ணுயிரியல் ஆய்விதழில் பத்து வருஷமாக யார் யார் கட்டுரை எழுதினார்கள், அதைப் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கெடுப்பதுதான் என் தலைப்பு. கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும் என்றார் என் கைடு. நம்பி இறங்கினேன்.

எந்தக் கிருமி?

சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் நாகராஜ் அண்ணன் உட்கார்ந்தார். எங்கள் தெருதான், பட்டு நெய்கிறவர். என் மடியிலிருந்த பேப்பர் கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். "நுண்ணுயிர் ஆராய்ச்சிண்ணே" என்று கொஞ்சம் கெத்தாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பஸ்ஸென்றும் பாராமல் சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்த படையைக் காட்டினார். "ரெண்டு மாசமா ஒரே அரிப்பு, பேஜாரா கீது. இது எந்தக் கிருமி தம்பி? இன்னா தடவலாம்?"

முன் சீட்டிலிருந்த இரண்டு பேரும் பதிலுக்காகத் திரும்பிவிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுவதுதான் என் வேலை என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் பாதி வழி போய்விட்டது. சட்டையை இறக்கிவிட்டார். பிறகு சொன்னார்: "அப்ப நீ கிருமியப் பாக்கல. கிருமியப் பாத்தவங்க எழுதினத யாரு பாத்தாங்கன்னு பாத்துகினு கீற."

என் ஆய்வை இவ்வளவு துல்லியமாக என் கைடுகூடச் சொன்னதில்லை.

சகலகலா குமார்

அதிகக் கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் எஸ்.குமார் என்பவர் முதலிடத்தில் நின்றார். மனிதர் இட்லி மாவு புளிப்பதைப் பற்றி எழுதியிருந்தார், ஆஸ்பத்திரிச் சாக்கடையைப் பற்றி எழுதியிருந்தார், வேர்க்கடலை வேரைப் பற்றியும் எழுதியிருந்தார். நான் மலைத்துப்போய் அவருடைய பரந்த அறிவைப் பாராட்டி அரைப் பக்கம் எழுதினேன்.

எங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிற அமுதா மேடம் டீ நேரத்தில் நூலகத்துக்கு வந்தவர், அந்த அரைப் பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பை அடக்க முடியாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "சார், இந்த எஸ்.குமார் ஒருத்தர் இல்ல, நாலு பேரு. அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரர்கூடப் படிச்சவரு. அவரு ஒரு பேப்பர் எழுதறதுக்கே மூணு வருஷம் எடுத்துக்குனாரு!"

சுயமரியாதை

குமார்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் வந்தார். அந்த இதழில் அவரும் எழுதியவர். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தன் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். எண்ணிக்கை பரவாயில்லை. ஆனால் மேற்கோள் காட்டியவர்கள் பெயரைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை அவரே. எப்படிச் சொல்வது என்று தயங்கி, "சார், இதெல்லாம் நீங்களே உங்களை..." என்று இழுத்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "என்னை நானே மதிக்கலன்னா வேற யாரு சார் மதிப்பாங்க? பிரிண்ட் போடுங்க."

பூஜ்ஜியம்

ஒருவர்கூட மேற்கோள் காட்டாத கட்டுரைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் ஒரு வரியில் என் கை நின்றது. கே.அமுதா, ஆரணி. நம் மேடமேதான். சாயம் போடுமுன் பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுப்பார்களே, அந்தத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, அது பசையைச் சீக்கிரம் இளக்குகிறது என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. அவருடைய ஆய்வகத்தில் பாதியைக் கம்ப்யூட்டர் துறைக்குக் கொடுக்கலாம் என்று அப்போது ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. யாரும் உபயோகிக்கவில்லையே, எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பட்டியலைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

குமார் விஷயத்தில் சூடுபட்டதால், கம்ப்யூட்டர் எண்ணித் தந்த கணக்கை மட்டும் நம்பாமல், கட்டுரைகளின் கடைசியில் இருக்கிற நூற்பட்டியல்களை நானே வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் வேறு மாநிலத்துக் கட்டுரை ஒன்றில் 'ஆரணி, கே.' என்று ஓர் ஆசிரியர் பெயர். இப்படி யாரடா பெயர் வைத்தது என்று பார்த்தால், கீழே பட்டு நூல் தண்ணீர் பற்றிய அதே தலைப்பு. ஊரை ஆளாக்கிவிட்டார்கள், அதனால்தான் கம்ப்யூட்டர் கணக்கில் அவர் பெயர் சேரவில்லை. அந்தக் கட்டுரையோடு, படிக்கட்டில் செருப்பு நழுவ நழுவ, மாடியிலிருந்த ஆய்வகத்துக்கு ஓடினேன்.

அமுதா மேடம் நின்றபடியே வாங்கிப் படித்தார். இரண்டு பத்தி தாண்டியதும் முகம் மாறியது. "இந்த முடிவு எங்கள் சோதனையில் சரிவரவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அவர் தலையில் நானே கல்லைப் போட்டுவிட்டேனே என்று நொந்துகொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் போய் மறுபடி முதலிலிருந்து படித்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "தப்புன்னு சொல்றதுக்காவது ஒருத்தங்க முழுசா படிச்சிருக்காங்களே சார்!"

தண்ணீர்

மறுநாளே மேடம், ஆய்வகத்தைத் தர முடியாது என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டார். அந்த சனிக்கிழமை பாட்டில்களோடு சாயப்பட்டறைக்குக் கிளம்பினார், துணைக்கு நான். பட்டறைக்காரர் சேகர் எங்களை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் என்று நினைத்துப் பாதிக் கதவைச் சாத்திவிட்டார். விவரம் சொன்ன பிறகு அவரே வாளியில் தண்ணீரை மொண்டு கொடுத்தார்.

ஒரு வருஷம் போனது. உள்ளூர்த் தண்ணீரில் அந்த பாக்டீரியா முன்போலவே வேலை செய்தது. சுத்திகரித்த தண்ணீரில் சுருண்டுவிட்டது. அந்த வெளிமாநிலக்காரர்கள் உபயோகித்தது சுத்திகரித்த தண்ணீர். இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். புதுக் கட்டுரையை அதே இதழ் ஏற்றுக்கொண்டது. மேடம் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சேகரிடம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "நம்ம தண்ணி வேற, வெளியூரு தண்ணி வேறன்னு நாங்களும்தான் மேடம் எத்தினியோ வருஷமா சொல்லிகினு கீறோம். எங்க பேர எந்த பேப்பர்லயாவது போட்டாங்களா?"

வைவா

என் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இத்தனை கட்டுரையை எண்ணியிருக்கீங்களே, ஒண்ணையாவது முழுசா படிச்சீங்களா?" முன் வரிசையில் அமுதா மேடம் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு படிச்சேன் சார்" என்றேன். என் கைடு கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்: "பரவால்லங்க, என்னைவிட ஒண்ணு அதிகம்."

பட்டம் வந்துவிட்டது, தடித்த அட்டை போட்ட என் ஆய்வேடு இப்போது எங்கள் நூலகத்தில்தான் இருக்கிறது, அதை இதுவரை எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும், சொல்லத்தான் மனமில்லை.