நமத்துப் போன மாம்பழத் துண்டுகள்

முப்பது வருடம் பரீட்சை ஹாலில் நடந்தவள் நான். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர். பிள்ளை தலையைச் சொறிந்தால் சட்டைக் காலரைப் பார்ப்பேன். தண்ணீர் குடித்தால் பாட்டில் லேபிளின் உள்பக்கத்தைப் பார்ப்பேன். பிடித்த பிட்டுகளை விட, பிடிக்காமல் விட்டவைதான் இன்றும் உறுத்துகின்றன. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் பால்காரரையும் கீழ்வீட்டுக்காரரையும் படுத்திக்கொண்டிருந்தேன். பொறுக்காமல் என் தங்கைதான், தன்னுடைய இடத்தில் வந்து மேற்பார்வை பார்க்கச் சொன்னாள்.

அவள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஈக்காட்டுத்தாங்கலில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு ஷெட் எடுத்து, பழத்துண்டுகளை உறையவைத்து உலர்த்தி விற்கிறாள். இது வெயிலில் காயும் வற்றல் இல்லை. துண்டுகளைத் தட்டில் பரப்பிக் கல்லாக உறையவைத்து, இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள் தள்ளி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பனிக்கட்டி தண்ணீராக உருகாமலே ஆவியாகப் போய்விடும். ஒன்றரை நாள் கழித்துத் திறந்தால் மாம்பழம் போட்ட வடிவத்தில், போட்ட நிறத்தில் அப்படியே இருக்கும். கையில் கனமே தெரியாது. வாயில் போட்டால் அப்பளம் போல நொறுங்கி, அடுத்த நொடி பழமாகிவிடும். முதல் நாள் நான் நம்பவில்லை. எசென்ஸ் தெளிக்கிறாளோ என்று தங்கையையே சந்தேகப்பட்டேன்.

பழம் வெட்டுவதற்கு ஒருத்தி இருந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும், கணவன் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவளின் கைவேகத்தைப் பார்த்துத் தங்கைதான் கூட்டி வந்தாள். துண்டு ஒன்று தடிமனாகப் போனாலும் அதன் நடுவில் ஈரம் தங்கிவிடும். அவள் வெட்டினால் ஐம்பது துண்டும் ஒரே கனம். ஞாயிறு பூசைக்கு எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் அவளும் வருவாள். நாங்கள் முன்வரிசை பெஞ்சு, அவர்கள் பக்கவாசல் ஓரம். அந்தத் தூரம் ஷெட்டுக்குள்ளும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் வந்த முதல் வாரம் நான் தட்டுகளை முகர்ந்து பார்த்தேன், மீன் வாசனை வருகிறதா என்று. வரவில்லை.

ஜூலையில் புகார் வந்தது. தி. நகர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி மாம்பழத்தைத் திருப்பி அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் துண்டுகள் நமத்துப்போய், பல்லில் ரப்பராக இழுபட்டன. அடுத்த வாரம் அடையாற்றிலிருந்து இன்னொரு பெட்டி. தங்கை மெஷினைக் கழற்றிப் பார்த்தாள், கதவின் ரப்பரை மாற்றினாள், ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு மெஷின் தெரியாது. மனுஷர்களைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலர்ந்த துண்டுகளை உடனே சின்னப் பாக்கெட்டில் போடமாட்டோம். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பையில் கொட்டி, வாயை முறுக்கி நைலான் கயிற்றால் கட்டி, டிரம்மில் வைத்துவிடுவோம். ஆர்டர் வரும்போது எடுத்துப் பிரித்துப் போடுவோம். கட்டுவது அவள் வேலை. சாயங்காலம் கடைசியாகக் கிளம்புகிறவளும் அவள்தான். நிறைய நாள் முன்பே, டிரம்முக்குப் பக்கத்தில் அவள் சும்மா நின்றதை இரண்டு தடவை பார்த்திருந்தேன். அள்ளிக்கொண்டு சரியாகக் கட்டாமல் விடுகிறாள், அதனால்தான் நமக்கிறது என்று முடிவு கட்டினேன். தங்கையிடம் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் பிட்டுக் கேஸ் எழுதக்கூடாது என்பது என் தொழில் ஒழுக்கம்.

ஆகவே, ஆர்டருக்கு இன்னும் பிரிக்காத ஒரு பெரிய பையில் பொறி வைத்தேன். தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் ஷெட்டைத் திறப்பேன். கயிற்றை அவிழ்த்து, மேலாக இருக்கும் ஒரு துண்டைக் கூர்முனை வாசலைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, பையை எடைபோட்டு, டைரியில் எழுதி, மறுபடி கட்டி வைப்பேன். மறுநாள் துண்டு திரும்பியிருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பதினைந்து நாள் இதைச் செய்தேன். வேர்க்க வேர்க்க, பரீட்சை ஹாலில் கிடைத்த அதே குறுகுறுப்போடு.

எடை குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. இதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது: நல்ல துண்டை எடுத்துக்கொண்டு, சரியாக உலராத துண்டைப் போட்டு நிரவுகிறாள், அளவு தெரியாமல் அதிகமாகப் போட்டுவிடுகிறாள். திருடுகிறவளுக்குக் கணக்கு வராது என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது மற்றவர்களைப் பற்றிய பழமொழி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவளும் மாறிப்போனாள். என்னைப் பார்த்தால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நான் டிரம் பக்கம் போனால் அவசரமாக வேறு வேலையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அதையும் டைரியில் எழுதாத குறைதான்.

தங்கை ஒரு வாரம் கோயம்புத்தூர் போன மறுநாள் காலை, மேலே நான் வைத்த துண்டைக் காணோம். இனி என்ன வேண்டும்? அவள் வந்ததும் கத்தியைக் கீழே வைக்கச் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அழுவாள், சத்தியம் செய்வாள், மாதாவை இழுப்பாள் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் காரணமே கேட்கவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

"தங்கச்சிம்மாவுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

"நான் ஒண்ணியும் சொல்லிக்க மாட்டேன் டீச்சர். நீங்க பயப்படாதீங்க."

என்ன திமிர் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தங்கை திரும்பி வந்ததும் டைரியை நீட்டினேன். முதல் பக்கத்திலேயே அவள் முகம் மாறியது. காணாமல்போன துண்டைப் பற்றிக் கேட்டதற்கு, ரயிலுக்குக் கிளம்பும்போது சாம்பிளுக்காகத் தானே மேலாக ஒரு பிடி எடுத்துப் போனதாகச் சொன்னாள். அது எனக்கு முதல் அடி. அவள் அதற்குள் எடைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கூடிருக்கே அக்கா. பையை எத்தனை மணிக்குத் திறந்தே?"

ஏழே முக்கால் என்றேன். ஷெட்டுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷினை எட்டரைக்குத்தான் போடுவோம். அது ஓடாத நேரத்தில் பையைத் திறந்தால், உலர்ந்த துண்டு மெட்ராஸ் காற்றைக் குடிக்கும். கூடிய எடை முழுக்கத் தண்ணீர். தினமும் காலையில் திறந்து, துண்டைத் திருப்பி, தராசில் ஏற்றி, சாவகாசமாக டைரி எழுதி, பதினைந்து நாளில் அந்தப் பையிலிருந்த நல்ல சரக்கு முழுவதையும் நானே நமக்க வைத்திருக்கிறேன். முதலில் வந்த இரண்டு பெட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கதவின் பழைய ரப்பர்தான், மாற்றியதோடு அது சரியாகிவிட்டது என்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய இடத்திலேயே, ஈரத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து யாருக்கோ வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் உப்புத்தண்ணீர் வெடிப்பு மறுபடி வந்திருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள்தான் முதலில் பேசினாள், பக்கத்துக் கடைக்குக் கேட்காத குரலில்.

"இன்னா டீச்சர், இவ்ளோ தூரம் வந்துகினு. நான் யார்கிட்டயும் சொல்லல."

எதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எடுத்துனு போறத. நான் போடற முடிச்சு வலை முடிச்சு, எங்க வூட்டு ஆம்பளைங்க போடறது. காலைல பாத்தா பாவாட நாடா மாரி கட்டிக்கீது. சாவி உங்ககிட்டதான கீது? டீச்சருக்கு ஆச, கேக்க வெக்கப்படறாங்கன்னு வுட்டுட்டேன். தங்கச்சிம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான அசிங்கம்."

என்னைத் திருடி என்று நினைத்து, அதை மறைத்து, அதற்காகவே வேலை போனது என்று நம்பி, வாயைத் திறக்காமல் வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. திருடி என்ற பெயர் எனக்கு எவ்வளவோ தேவலை என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை. பொறியைச் சொன்னேன். துண்டின் கூர்முனையைச் சொன்னேன், டைரியைச் சொன்னேன், முதல் வாரம் தட்டை முகர்ந்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கூலியைக் கூட்டித் தருவதாகத் தங்கை சொல்லியனுப்பியதையும் சொன்னேன்.

அவள் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசித் துண்டைப் பையில் போட்டு ஆளிடம் கொடுத்தாள். பலகை மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுத்துத் துன்னுருந்தீங்கன்னா நான் வந்துருப்பேன் டீச்சர்," என்றாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம் மீனை வாங்கக் கையை நீட்டினாள்.