கோட்டைப் படத்தில் தம்பி

தம்போய் ஊரில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேசைமேல் எப்போதும் ஏதாவது ஓர் அழிந்த ஊர் விரிந்து கிடக்கும். அகழ்வாய்வு செய்கிறவர்கள் நாலு கல்லின் அளவையும், தூண் நட்ட குழிகளின் படத்தையும் அனுப்புவார்கள். அவர் அதற்குச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, முழு ஊராக வரைந்து கொடுப்பார். ஆதாரம் இல்லாமல் ஓர் ஓலையைக்கூட வேயமாட்டார். "இந்த ஜன்னல் இருந்துச்சுன்னு யாரு சொன்னா?" என்று அவர் குடைகிற குடைச்சலில் பெரிய பெரிய ஆய்வாளர்களே அவர் போனை எடுக்கத் தயங்குவார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அவரை யாரும் குடைந்ததில்லை. சுவர் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் நாலு ஆளை நிறுத்துவார். கையில் அகப்பட்டவரைப் போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரைந்துவிடுவார்.

ஆற்றோரக் கோட்டை ஒன்றின் படத்துக்கு அகப்பட்டவன் தம்பி பிரெட்ரிக். கெலாங் பாத்தாவில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். அண்ணன் ஓவியம் படிக்கக் கோலாலம்பூர் போன வருஷம்தான் அவன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனான். கார் நிறுத்துமிடத்தில் வைத்து அவன் முதுகில் ஓர் அரிசி மூட்டையை ஏற்றி, "இன்னும் குனி" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"எனக்கு என்ன வேஷம்ணே?"

உள்ளதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கோட்டையில முக்கியமான ஆளு லா" என்று சொல்லி வைத்தார்.

படத்தில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் கல் சுமந்தான். இடுப்பில் ஒரு துண்டுதான் உடுப்பு. மதில்மேல், குடை நிழலில், கை நீட்டி வேலை வாங்குகிற தளபதிக்கு யார் முகம் என்கிறீர்கள்? ஐயா கண்ணாடி முன் நின்று தன்னையே வரைந்திருந்தார். வரையும்போது ஒன்றும் உறைக்கவில்லை. அச்சாகி, காட்சிக்கூடத்தில் சுவர் அகலத்துக்கு மாட்டிய பிறகு பார்த்தார். வெட்கமாக இருந்தது. இனி அழிக்கவும் முடியாது.

பிரெட்ரிக்கோ தேவாலயப் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் படத்தில் தான் முக்கியமான ஆள் என்று சொல்லி, திறப்பு விழாவுக்கு வேன் பிடித்துக் கூட்டத்தோடு வந்து இறங்கினான். புதுச்சட்டை. பக்கத்தில் மகள் அமண்டா.

அவன் உள்ளே போவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டானிஸ்லாஸ் வாசலுக்கு ஓடினார்.

"தம்பி, அந்தப் படத்துல..."

"இருங்கண்ணே, மொதல்ல பாத்துட்டு வந்துடுறோம்."

படத்தின் முன் எல்லோரும் நின்றார்கள். பிரெட்ரிக்கின் பார்வை மதிலிலிருந்து மெல்ல இறங்கி, கல் சுமக்கிறவனிடம் வந்து நின்றது. தன் முகம் தனக்குத் தெரியாதா? ஸ்டானிஸ்லாஸ் தரையைப் பார்த்தார். செத்துவிடலாம் போல இருந்தது.

"இதுல நீங்க எங்க இருக்கீங்கப்பா?" என்று அமண்டா கேட்டாள்.

பிரெட்ரிக் கையை உயர்த்தித் தளபதியைக் காட்டினான். "அதோ, கொடைக்குக் கீழ."

"அது பெரியப்பா மாதிரில்ல இருக்கு?"

"அண்ணன் தம்பி லா. ஒரே ஜாடை இருக்காதா?"

வந்தவர்கள் கைதட்டினார்கள். பிரெட்ரிக் நகர்ந்துபோய், கல் சுமக்கிறவன் யார் கண்ணிலும் படாதபடி அந்த மூலையை மறைத்துக்கொண்டு நின்றான். பிறகு போட்டோவுக்குச் சிரித்தபடி, "வாங்கண்ணே, நீங்களும் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டான்.