அடுப்படியில் இருந்த துப்பாக்கிக் குழல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் அண்ணன் எங்கள் ஊதுகுழலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்த்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாதா கோவிலில் பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்திருந்தார். விறகு ஈரம், அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஊதிக் கொடுக்கலாம் என்று குழலை எடுத்தவர், அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே திருகு திருகாக வரி ஓடியிருந்தது. அவர் வக்கீல் குமாஸ்தா. வழக்குகளில் சாட்சிப் பொருளாக வந்த துப்பாக்கிகளை அருகில் பார்த்தவர்.

"இது ரைபிள் குழல். யார் கொண்டுவந்தது?" என்றார்.

கொண்டுவந்தவன் என் மகன். இருபத்திரண்டு வயது, திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துப் பழைய இரும்பு அங்கே வண்டி வண்டியாக வந்து இறங்கியது. அதில் கிடந்த ஒரு குழாயை முழ நீளத்துக்கு அறுத்து எனக்குக் கொடுத்தான். மூங்கில் குழல் நுனி கருகிக் குட்டையாகிவிடும். இது அப்படியே இருந்ததில் எனக்குப் பெருமை. இரண்டு வருடம் அதில்தான் ஊதினேன்.

"இதை வைத்து யாரைச் சுட முடியும்?" என்று கேட்டேன்.

"சுட முடியுமான்னு சட்டம் கேக்காது. துப்பாக்கியோட ஒரு பாகமும் ஆயுதக் கணக்குதான். லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா ஜெயில்."

"அப்படியானால் வைத்திருந்தது நான்தானே?"

"நான்தாம்மா எடுத்தாந்தேன். நீ சும்மா இரு" என்றான் மகன்.

நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு மீன்காரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "இதுக்கா இம்மாம் பேஜாரு? குடுக்கா, எங்க வூட்டுக்காரு கட்டுமரத்துல போயி கடல்ல போட்டுட்டு வருவாரு."

"வலையில மாட்டிக்கினு திரும்பி வந்துச்சின்னா?" என்றான் மகன்.

"மீனே மாட்டலியாம், இதான் மாட்டப் போவுது!"

அண்ணன் சிரிக்கவில்லை. மறைத்தால் குற்றம் பெரிதாகும், நாமே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து உள்ளதைச் சொல்வதுதான் வழி என்றார். மகன் சட்டை மாற்றப் போனான். அந்த நேரத்தில் நான் குழலை எடுத்துப்போய்ப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். கரியோடு ஒரு பொருளை வெளியே கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அண்ணன் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தக் கரிதான் நமக்கு இருந்த ஒரே சாட்சி!"

குழலை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். பதினொரு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் மட்டும் சைக்கிளில் வந்தார்.

"அடுப்பு ஊதினதுன்னு உங்க பையன் சொல்றான். குழாய் புதுசாட்டம் மின்னுது. இன்ஸ்பெக்டர் ஐயா நம்பல."

"நான் தேய்த்தேன்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

"நானே குந்திக்கினு அதுல ஊதிக்கீறேன் நைனா! வேணும்னா கோயில்ல வந்து சத்தியம் பண்றேன்" என்று மீன்காரி உள்ளே நுழைந்தாள்.

கான்ஸ்டபிள் அடுப்பருகே குனிந்தார். குழலைச் சாய்த்து வைக்கும் சுவரில், இரண்டு வருடக் கரி ஒரு கோடாகப் படிந்திருந்தது. அதைத் தேய்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் கையால் முழம் போட்டு அளந்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது. ஒரு மணியும் ஆனது. ஜெபமாலை கையில் இருந்தது. எத்தனையாவது மணியில் இருந்தேன் என்று தெரியவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. என் மகன். பின்னால் அண்ணன், வேர்வையைத் துடைத்தபடி.

"கேஸு இல்லம்மா. செவுத்துக் கரியும் குழாயும் ஒரே அளவாம். குழாய வச்சிக்கினு, எழுதி வாங்கிக்கினு வுட்டுட்டாங்க. ஏன் நின்னுக்கினே கீறே, உக்காரு."