எரியக் கூடாத பல்பு

எங்கள் சித்தப்பா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டைத்தான் பார்ப்பார். வாட்டர் ஹீட்டர் மாட்டுவது அவர் தொழில். தண்ணீரும் கரண்டும் ஒரே தொட்டிக்குள் குடித்தனம் நடத்துகிற சாமான் என்பதால், கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்கிவிடுகிற எர்த் ஒயர் சரியில்லாத வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டார். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தார். ஹோல்டரில் ஒரு சின்னப் பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றைக் கரண்ட் வரும் துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் செருகுவார். பல்பு எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்காரர் வாசல் வரை வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டார். ஊரில் அவருக்கு எர்த்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதே கூத்துதான். எங்கள் மெயின் பலகையில், கரண்ட் வழி தவறி நிலத்துக்குள் போனால் சட்டென்று விழுந்துவிடுகிற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. சித்தப்பா பல்பைச் செருகியதும் அது கண் சிமிட்டும், சுவிட்ச் விழும், வீடு முழுக்க எல்லாம் நின்றுபோகும்.

“நேத்துதானே பாத்தீங்க தம்பி!” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

“நேத்து நேத்தோட போச்சு அண்ணி. இன்னைக்கு வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?”

அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டிவி கம்பெனியில் போர்டு பூட்டிக்கொண்டிருந்தவள். கம்பெனியை மூடிய பிறகு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஜன்னலோரமாக ஒரு பெஞ்ச் போட்டு ரிப்பேர் ஆரம்பித்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்த பெஞ்ச்தான் அம்மாவுக்குத் துணை. கரண்ட் ஓடுகிற போர்டில் கை வைக்கும்போது, இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும் என்று, இடது கையை மடியில் போட்டுக்கொள்வாள். ஒரே கைதான் உள்ளே போகும். அந்தக் கை அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவும் மாட்டாள்.

பவர் சப்ளை போர்டுகள் நிறைய வர ஆரம்பித்தபோது, ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றாள். சுருள் கட்டுகிற கடைகளில் சித்தப்பாவுக்குத்தான் பழக்கம். அவரை எதிரில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

“சுவர்ல வர்ற கரண்டோட ஒரு முனை எங்கயோ நிலத்தோட கட்டியிருக்கு தம்பி. அதனாலதான் நிலத்துல நின்னுட்டு இன்னொரு முனையைத் தொட்டா அடிக்குது. இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு சுருள் தனித்தனியா இருக்கும். வெளிய வர்ற ரெண்டு முனைக்கும் நிலத்தோட ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. தெரியாம ஒண்ணைத் தொட்டாலும் கரண்ட் போறதுக்கு வழி இல்ல.”

“சரி அண்ணி.”

“கைப்பிடியைத் திருப்பி வோல்டேஜ் கூட்டிக் குறைக்கிற பெட்டியைக் காட்டி இதுவும் அதுவும் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க, ஏமாந்துடாதீங்க. அதுல ஒரே சுருள்தான். பெருசும் வேணாம், ஐநூறு வி.ஏ. போதும். ரொம்பப் பெருசா இருந்தா, போர்டுல ஷார்ட் ஆச்சுன்னா கருக்கிட்டுத்தான் விடும்.”

சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சும்மா சொல்லக் கூடாது, சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார். கைப்பிடி வைத்த பெட்டியை நீட்டிய கடைக்காரரை மடக்கிவிட்டார். சுருள் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். அளவு சரி, கட்டு சரி. எல்லாம் முடிந்து பெட்டியைத் தூக்கப் போகும்போதுதான் பழக்க தோஷம் கையைப் பிடித்து இழுத்தது. டெஸ்ட் லேம்பை எடுத்தார். ஒரு ஒயரை வெளிவரும் முனையில் வைத்தார், மற்றதைப் பெட்டியின் எர்த்தில் வைத்தார். பல்பு எரியவில்லை. முனையை மாற்றி வைத்துப் பார்த்தார், அப்போதும் எரியவில்லை.

“இது அப்படித்தான் சார் இருக்கணும்” என்றாராம் கடைக்காரர்.

“எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கே சொல்றீங்களா? எர்த் இல்லாத சாமானை எங்க அண்ணி கையில கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்றீங்களா?”

வாதாடி வாதாடி, வெளிவரும் முனை ஒன்றைப் பெட்டியின் எர்த்தோடு ஒரு துண்டு ஒயரால் கட்ட வைத்துவிட்டார். மூடியைப் போட்டுத் திரும்ப டெஸ்ட் செய்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது என்று அம்மா சொன்ன இடத்தில், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, உறவை உண்டாக்கி எடுத்து வந்தார்.

“டெஸ்ட் பண்ணித்தான் கொண்டு வந்திருக்கேன் அண்ணி” என்று பெஞ்சில் இறக்கி வைத்தார். அம்மா மீட்டரை எடுக்கவே இல்லை. டெஸ்ட் செய்யாமல் இந்த மனுஷர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாரே, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பெட்டி வந்த தைரியத்தில் அவளுக்குக் கொஞ்சம் தாராளம் வந்துவிட்டது. ஒரு நாள் ஒரு டிவி போர்டில் வலது கையால் அளந்துகொண்டே, இடது கையால், எர்த் கொடுத்திருந்த மேஜை விளக்கின் இரும்புத் தண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறாள். வலது மணிக்கட்டு போர்டின் ஹீட் சிங்க்கில், சூடு தணிக்கிற அந்த அலுமினியத் தகட்டில் பட்டது. நாற்காலியோடு பின்னால் போய் விழுந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது இடது தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள் எலும்பு உடைந்திருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எதில் அடித்தது என்று பார்க்க சித்தப்பா வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். முதலில் சுவர்ப் பாயிண்டில் லேம்பைச் செருகினார். வழக்கம்போல சுவிட்ச் விழுந்தது. தூக்கி விட்டுவிட்டு, அடுத்து அந்தப் பெட்டியில் செருகினார். பல்பு எரிந்தது. சுவிட்ச் விழவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது, சுவிட்ச் அசையவே இல்லை. சித்தப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அலைந்த களைப்பு என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்தப் பெட்டிக்கு அப்பால் என்ன நடந்தாலும் மெயின் பலகை சுவிட்சுக்குத் தெரியாது என்பதை அவர் அப்போதுதான் புரிந்துகொண்டிருக்கிறார். பெட்டியே இல்லாமல் அம்மா நேராகச் சுவரிலிருந்து வேலை செய்திருந்தால், விளக்கைத் தொட்ட அந்த நொடியே சுவிட்ச் விழுந்திருக்கும். காப்பாற்றியிருக்கக்கூடிய ஒன்றையும் தன் கையாலேயே குருடாக்கிவிட்டு, மேலே ஒரு துண்டு ஒயரையும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சொல்வதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் வேலை செய்தார். குழாய் வாஷர் மாற்றினார், கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், பழமாக வாங்கிக் குவித்தார். குட்டி போட்ட பூனை மாதிரி அந்த பெஞ்சையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு வாய் காபி கொடுத்தால் வேண்டாம் என்பார்.

“ஏன் தம்பி, நீங்க பிடிச்சுத் தள்ளின மாதிரி மூஞ்சியை வச்சிட்டிருக்கீங்க?” என்று அம்மா சிரித்தாள். சித்தப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

அம்மாவின் சிரிப்பெல்லாம் வெளியில்தான். படுத்தபடி அவள் போட்ட கணக்கு வேறு. ‘எர்த் சம்பந்தமே இல்லாத லைனில் விளக்குத் தண்டைத் தொட்டதற்காக அடிக்காது. அப்படியென்றால் போர்டிலேயே இரண்டு முனையையும் நான்தான் தொட்டிருக்கிறேன். தொட்டது எனக்கே தெரியவில்லை.’ அதிலிருந்து கண்மேலும் கைமேலும் சந்தேகம் வந்துவிட்டது. வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி நீட்டிப் பார்த்துக்கொள்வாள்.

“நடுங்குது பாரு.”

“இல்லம்மா.”

“உனக்குத் தெரியல. எனக்குத் தெரியுது.”

கடைசியில் பெஞ்சைக் காலி செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே ரிப்பேர் செய்கிற இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் மீட்டரையும் சால்டரிங் ஸ்டேஷனையும் பையில் வைத்துக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரையும் தூக்கினார். அந்த நேரம் பார்த்து சித்தப்பா பழப்பையோடு உள்ளே வந்தார். பையைக் கீழே போட்டுவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இதை விட மாட்டேன்.”

“என்ன தம்பி இது? அவர் கேட்டாரு, நான் கொடுக்கிறேன்.”

“இது யாருகிட்டயும் போகக் கூடாது அண்ணி. அவருக்கும் அடிக்கும்.”

பெட்டியை விடாமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். கடையில் பல்பு எரியாதது, கடைக்காரர் தடுத்தது, தான் கேட்காதது, பிறகு இங்கே பல்பு எரிந்தது, சுவிட்ச் விழாதது. எதையும் மென்று விழுங்கவில்லை. அழுகையும் பேச்சும் கலந்து வந்தது. வந்தவர் பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சிலேயே வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

அம்மா சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?”

“நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்பவே.”

அம்மா சித்தப்பாவை எப்போதும் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக மாறியது.

“ஒயரைத் தெரியாமக் கட்டின. போகட்டும். நானும் மீட்டர் வச்சுப் பாத்திருக்கணும், நீ சொன்னியேன்னு விட்டேன். எலும்பும் சேந்துடும். ஆனா இத்தனை நாளா என் கையை நானே சந்தேகப்பட்டுப் படுத்துக் கெடந்தேனே, தெனம் வந்து பாத்துட்டுத்தானே இருந்த? அதை எந்த ஸ்க்ரூ டிரைவர் வச்சுக் கழட்டுவ?”

சித்தப்பா பெட்டியை பெஞ்சில் இறக்கி வைத்தார்.

“தொற” என்றாள் அம்மா.

மூடியைக் கழற்றினார். அந்தத் துண்டு ஒயர் விரல் நீளம்கூட இல்லை. அதை எடுத்துவிட்டு மூடியைப் பூட்டி, பிளக்கைச் செருகினார். என்ன நினைத்தாரோ, வெளிவரும் முனையை நோக்கித் தன் விரலையே கொண்டுபோனார்.

அம்மா ஓங்கி அவர் கையில் ஒரு அடி வைத்தாள். “உன் பாவத்தைக் கழுவுறதுக்கு என் பெஞ்ச் கெடையாது. லேம்பை எடு.”

எடுத்தார். ஒயரை முனையில் வைக்க முடியவில்லை. கை அவ்வளவு நடுங்கியது, பல்பு ஹோல்டரோடு சேர்ந்து ஆடியது. அம்மா கட்டுப்போட்ட தோளைத் திருப்பாமல் எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. லேம்பின் ஒரு ஒயரை நான் பெட்டியின் எர்த்தில் மாட்டினேன். மற்ற ஒயரை சித்தப்பாவின் கையிலிருந்து அம்மா வாங்கிக்கொண்டாள். முதல் முனையில் வைத்தாள், பிறகு அடுத்த முனையில் வைத்தாள்.

“எரியல அண்ணி” என்றார் சித்தப்பா, பழக்க தோஷத்தில் பதறி.

“எரியக் கூடாது.”

சொன்ன பிறகும் அவள் ஒயரை எடுக்கவில்லை. அந்தச் சின்ன முனையின்மேல் இம்மியும் ஆடாமல் பிடித்தது பிடித்தபடி வைத்திருந்தாள். அவள் பல்பைப் பார்க்கவே இல்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவும் அதைத்தான் பார்த்தார்.