ஷட்டருக்கு அந்தப் பக்கம்

என் கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் சலூன் கத்திரிகளுக்குச் சாணை பிடிக்கும் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பியபோது ஒரு மெஷினும் வாங்கிக்கொண்டு வந்தார். சங்கரன்கோவிலில் அவருடைய தம்பி, சலூன்களுக்கும் பியூட்டி பார்லர்களுக்கும் வேண்டிய சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் மெஷினைப் போட்டார்கள். நான் சாப்பாடு கொண்டு போவேன். போன இடத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு மெல்ல ஒரு கை கொடுக்க ஆரம்பித்தேன். தொழில் பிடிபட்ட நேரத்தில் அவருக்கு மறுபடி விசா வந்தது.

"நீ பாத்துக்கிட மாட்டியா?" என்று கேட்டார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த அறையையும் சேர்த்துத்தான் ஒத்துக்கொள்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. பின்வாசல் ஒன்று உண்டு. அதை மறைத்து ஷாம்பு அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். முன்னால் கடை வழியாகத்தான் போகவர வேண்டும். கடையில் பொம்பளை உட்கார்ந்தால் சலூன்காரர்கள் வரக் கூச்சப்படுவார்கள் என்று கொழுந்தன் ஒரு திரை போட்டுவிட்டார். கத்திரி கொண்டு வருகிறவர்கள் யார் தீட்டுவது என்று கேட்டால், "உள்ள ஆள் இருக்கு" என்பார். நான் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

முடி வெட்டும் கத்திரியை வீட்டுக் கத்திரி மாதிரி கல்லில் வைத்து இழுத்துவிட முடியாது. திருகைக் கழற்றி இரண்டு அலகையும் பிரிக்க வேண்டும். வெளிப்பக்கத்தின் வளைவு கெடாமல் மெஷினில் காட்ட வேண்டும். உள்பக்கத்தைத் தண்ணீர் விட்ட கல்லில் பட்டும் படாமலும் தேய்த்துப் பிசிறை எடுக்க வேண்டும். மறுபடி பூட்டும்போது திருகின் இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் முடி மடங்கும், வெட்டுப்படாது. கடைசியில் நனைந்த டிஷ்யூ பேப்பரை வெட்டிப் பார்ப்பேன். அதைக் கிழிக்காமல் வெட்டினால் வேலை முடிந்தது.

தேய்ந்த இடத்தைப் பார்த்தால் ஆளின் கை தெரியும். சிலர் நுனியிலேயே வெட்டுவார்கள், சிலர் அடியில் போட்டு நெரிப்பார்கள். சிவகிரியிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடும் பொட்டலத்தில் மட்டும் ஒரு இடது கைக் கத்திரி வரும். அலகுகள் மாறிப் பூட்டியிருக்கும். அதற்காக நானும் கையை மாற்றிப் பிடித்துத் தீட்டப் பழகினேன். அது ஒரு பார்லர்க்காரப் பெண்ணுடையது என்று கொழுந்தன் சொல்லித் தெரியும். முகம் தெரியாது. ஆனால் ஊரில் எனக்கு அவளைத் தெரிந்த அளவுக்கு வேறு யாரையும் தெரியாது என்று சில நாள் தோன்றும்.

அன்று செவ்வாய்க்கிழமை. கரிவலம்வந்தநல்லூரில் கொழுந்தனின் கூட்டாளி வீட்டில் விசேஷம். நான் உள்ளே கத்திரிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் விசைத்தறிச் சத்தம் சட்டென்று நின்றது, கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. வெயிலுக்குப் பாதி இறக்குகிறார் என்று நினைத்தேன். பூட்டு விழுந்தது. "தம்பி!" என்று கூப்பிட்டுக்கொண்டே திரையை விலக்கி ஓடினேன். அதற்குள் பைக் கிளம்பிப் போய்விட்டது.

ஷட்டரைத் தட்டினேன். எங்கள் தெருவில் மதியம் எல்லாரும் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். செல்போன் வீட்டில் மகளிடம் இருந்தது. பெட்டிகளை நகர்த்திப் பின்வாசலைத் திறக்கலாம் என்று போனால், அந்தப் பக்கத்திலும் பூட்டு. எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை. இத்தனை நாள் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கு மூச்சு முட்டியது. இருட்டில் சேலை எல்லாம் வியர்வை. ஷட்டரடியில் வந்து தரையில் படுத்தேன். படி சமமில்லாததால் அங்கே மட்டும் ஒரு இடைவெளி. அதில் கொஞ்சம் வெளிச்சமும் காற்றும் வந்தன.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியாது. இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"அண்ணாச்சி! அண்ணாச்சி!" பெண் குரல்.

"அவங்க இல்ல."

கால்கள் ஒரு எட்டு பின்னே போயின. "யாரு உள்ள?"

"நான்தான். கத்திரி தீட்டுத ஆளு."

"நீங்களா? பூட்டு வெளிய கெடக்கு?"

"நான் இருக்கது தெரியாம பூட்டிட்டுப் போயிட்டாவ."

அவள் குனிந்தாள். இடைவெளியில் மோவாயும் வளையல் போட்ட கையும் மட்டும் தெரிந்தன. கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "ரிங் போவுது, எடுக்க மாட்டேங்காவளே" என்றாள். பிறகு தயங்கி, "நாளைக்கு ஒரு கல்யாணப் பொண்ணு இருக்கு. கத்திரி இழுக்குது. கையோட வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள்.

அவளுடைய இடது கையில்தான் பொட்டலம் இருந்தது.

"சிவகிரியா?" என்று கேட்டேன்.

"எக்கா, எப்படித் தெரியும்?"

"உள்ள தள்ளுங்க."

கத்திரி இடைவெளி வழியாக வந்தது. மெஷின் ஓடாது. கல்லையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டு வந்து, படுத்தும் சாய்ந்தும் அந்த வெளிச்சத்தில் கையாலேயே தேய்த்தேன். அவள் வெளியே படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். பார்லரை அவள் கணவர் மூடச் சொல்வது, மாமியார் வாடிக்கைக்காரர்களை வாசலிலேயே நிறுத்துவது. நானும் பேசினேன். அந்த அறையில் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. கத்திரியைப் பூட்டி வெளியே தள்ளியதும், தன் முடியில் ஒரு கொத்தைப் பிடித்து வெட்டிப் பார்த்தாள். "சத்தமே இல்லக்கா" என்றாள்.

மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை கொழுந்தன் எடுத்தார். அவர் வரும்வரை அவள் போகவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷட்டர் ஏறியதும் வெயில் கண்ணைக் குத்தியது. கொழுந்தனின் முகம் வெளிறிப்போயிருந்தது. நல்லவர்தான். பதறிப்போய் வந்திருந்தார்.

"மைனி, மெஷின் சத்தம் கேக்கல. நீங்க உள்ள இருக்கீகங்கிற நெனப்பே வரல" என்றார்.

அவர் வேண்டுமென்றே பூட்டியிருந்தால்கூட நான் அப்படி அழுதிருக்க மாட்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைவிட வயதில் சின்னவள். கட்டை விரலில் கத்திரி வளையம் பதிந்த காய்ப்பு.

மறுநாளே பெட்டிகளை எடுத்தார்கள். பின்வாசலின் வெளிப்பூட்டை எடுத்துவிட்டு உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள். அடுத்த மாதம் நான் சிவகிரிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். என் மாமியாரும் கூட வருவதானால் போகலாம் என்றார்கள். போனேன். அவள் பார்லரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரர்கள் கொண்டு வந்த கத்திரிகளையும் சேர்த்துக் கல்லில் தீட்டினேன். மலை தெரிந்தது. மாமியார் சேரில் தூங்கிவிட்டார். அவள் எனக்குக் காபி போட்டுத் தந்தாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிவகிரியிலேயே ஒரு சின்ன இடம் இருக்கிறது, நீங்கள் வந்துவிட்டால் சேர்ந்து போடலாம் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஏட்டி, நான் இல்லாமலே இப்படிப் பாத்துக்கிடுதியே! அப்ப எனக்கு என்ன கவல? இங்கன காண்ட்ராக்ட நீட்டச் சொல்லுதாவ. இன்னொரு மெஷினும் அனுப்புதேன். அந்த ரூம்லயே போட்டுக்கிடலாம்" என்றார்.

அவர் குரலில் இருந்த பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சரி என்றேன். மெஷின் வந்துவிட்டது. அறையில் இப்போது காலை நீட்ட இடமில்லை.